எனக்கே விழுந்த சீட்டு

முன்னால் போகிற அந்த மஞ்சள் வேனைப் பார்த்தீர்களா? பின்கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கை காட்டுகிறார்களே, அது எனக்குத்தான். எங்கள் முகாம் பிள்ளைகள். ஏழு நாள் முகாம், இன்று மதியச் சாப்பாட்டோடு முடிந்தது. வேனில் எனக்கு இடம் இல்லாமல் இல்லை. ரூபன் இரண்டு தடவை கூப்பிட்டார். நான்தான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சிறுமலையிலிருந்து திண்டுக்கல் போய்ச் சேரும்வரை தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியது கொஞ்சம் இருந்தது. நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். பரவாயில்லை, அதற்கென்ன.

என் பெயர் தேவவரம். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. தராசைத் துடைப்பதும் எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து வைப்பதுமாகவே முப்பது வருடம் போயிற்று. அதனால்தானோ என்னவோ, என்னையும் தினமும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இன்று செய்தது சரியா, சொன்னது சரியா, சரி என்று நினைத்தேனே, அந்த நினைப்பு அகந்தையா. என் மனைவி பியூலா சொல்வாள், "நீங்க உங்களைப் பத்தி யோசிக்கிறதுல பாதி நேரம் அடுப்படிக் குழாயைப் பத்தி யோசிச்சிருந்தா அது ஒழுகாம இருக்கும்" என்று. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். அதையும் ஒரு வாரம் யோசித்துப் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடமாக மே மாதத்தில் ஒரு வாரம் இந்த முகாமுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளின் பிள்ளைகள், எட்டு வயதிலிருந்து பதினான்கு வரைக்கும், எண்பது பேர் வருவார்கள். பாட்டு, வேதபாடம், விளையாட்டு, கைவேலை. எங்களைப் போல வாலண்டியர்கள் பதினாறு பேர். இங்கே ஒரு வழக்கம் உண்டு. வாலண்டியராக வந்துவிட்டால் அவருக்கு வயது கிடையாது. பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பையனும் அண்ணன், நானும் அண்ணன். பெண்கள் எல்லாரும் அக்கா. பாட்டுக்குப் பொறுப்பான ஹெலன் என்னைவிடப் பத்து வயது சின்னவர். எனக்கும் அவர் ஹெலன் அக்காதான்.

இந்த வருடம் பிள்ளைகள் வந்து இறங்கிய முதல் மணி நேரத்திலேயே, முன்பல் இரண்டு விழுந்த ஒரு சிறுமி என்னிடம் வந்து, "தாத்தா, பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள். ஹெலன் அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். "பாப்பா, இங்க எல்லாரும் அண்ணன்தான்" என்று திருத்தினார். அந்தப் பிள்ளை என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, தாத்தாண்ணே" என்றது. வாரம் முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

அதை நான் பொருட்படுத்தவில்லை. மூன்று நாள்தான் மனதில் இருந்தது.

என் பொறுப்பு அமைதி நேரம். காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகளை மரத்துக்கு ஒருவராகத் தனித்தனியே உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்து, நேற்றுச் செய்த தப்புகளை எழுதச் சொல்வேன். மனசாட்சி நோட்டு என்று பெயர். நான் ஆரம்பித்து வைத்தது. நாங்கள் யாரும் வாங்கிப் படிக்க மாட்டோம். எழுதியது அவர்களுக்கும் கடவுளுக்கும் நடுவில். நல்ல ஏற்பாடு, இல்லையா? சில சிக்கல்கள் உண்டு. போன வருடம் ஒரு பையன் பக்கத்து மரத்துப் பையனைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். கேட்டால், "அண்ணே, அவன் மூணு பக்கம் எழுதிட்டான், எனக்கு ஒண்ணுதான் வருது" என்கிறான். இன்னொருத்தி, நேற்று ஒரு தப்பும் செய்யவில்லை, இன்றைக்குச் செய்யப்போவதை எழுதலாமா என்று கேட்டாள். மற்ற வாலண்டியர்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஆழமான கேள்விகள்.

முகாம் தலைவர் ரூபன். முப்பத்திரண்டு வயது. போன வருடம்தான் பொறுப்பேற்றார். நல்ல பையன். பன்னிரண்டு வயதில் என் மரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்தவர். பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, நாங்கள் பதினாறு பேரும் டீ குடிக்கக் கூடியபோது அவர் ஒரு விஷயம் சொன்னார். அடுத்த வருடம் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று இந்தத் தடவை முகாம் முடிவதற்குள்ளேயே முடிவு செய்துவிடப் போகிறாராம். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் பட்டியல் வாசிப்பாராம். சிலருடைய பெயர் 'ஜெபத்தால் தாங்குவோர்' என்ற தலைப்பில் வரலாம், அதுவும் பெரிய ஊழியம்தான் என்றார். இதைச் சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது நான்.

ஜெபத்தால் தாங்குவோர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு முன்னாலிருந்தே முகாமுக்கு வந்துகொண்டிருந்த குணசீலன் சாரைப் போன வருடம் அதில் போட்டார்கள். அப்படிப் போட்டால், வீட்டில் இருந்துகொண்டே முகாமுக்காக ஜெபிக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு நோட்டீஸ் வரும். அவ்வளவுதான். மலைக்கு வர வேண்டியதில்லை. வராதீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வர வேண்டியதில்லை என்பார்கள்.

எனக்கு இந்த ஒரு வாரம்தான் வருடம். மற்ற ஐம்பத்தொரு வாரமும் இதற்குக் காத்திருப்பதுதான். அதனால் அந்தப் பட்டியலில் என் பெயர் எந்தத் தலைப்பில் வரும் என்பதுதான் வெள்ளிக்கிழமை வரைக்கும் என் நெஞ்சில் கிடந்தது. வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. ஹெலன் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அப்புறம் வேதபாடம் எடுக்கிற இரண்டு பேரிடம். கைவேலை சொல்லித்தருகிற தம்பி தானியேலிடம். ஒரு தடவை ரூபனிடமே.

சரி, சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்குப் பிறகு ஜெபத்தோழர் சீட்டு எடுப்போம். பதினாறு பேர் பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, ஒரு தூக்குவாளியில் போட்டு ஹெலன் அக்கா சுற்றிக் கொண்டுவருவார். யார் பெயர் உங்களுக்கு விழுகிறதோ அவருக்காக அந்த வாரம் முழுக்க ஜெபிக்க வேண்டும். தினமும் ஒரு சின்ன உதவியாவது, அவருக்குத் தெரியாமல், செய்ய வேண்டும். அவருடைய செருப்பைத் துடைத்து வைப்பது, மழையில் அவர் துணியை எடுத்து உள்ளே போடுவது, இப்படி. யார் யாருக்குத் தோழர் என்பதைக் கடைசியில்தான் சொல்லலாம். உங்கள் பெயரே உங்களுக்கு விழுந்தால் உடனே திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம்.

உடனே என்பதுதான் சிக்கல். மற்றவர்கள் சீட்டை எடுத்ததும் திறந்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. யாராக இருந்தாலும் முழு மனதோடு ஏற்றுக்கொள்ளும் இதயம் வேண்டும் என்று, சீட்டைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி முதலில் ஜெபித்துவிடுவேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். இந்தத் தடவை ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது. பட்டியல் பயம் வேறு. கண்ணைத் திறந்து சீட்டைப் பிரித்தால், தேவவரம்.

தூக்குவாளி காலி. ஹெலன் அக்கா அதைக் கழுவிக் கவிழ்த்தே விட்டார். எல்லாரும் தங்கள் சீட்டைப் பத்திரப்படுத்தியாயிற்று. இப்போது நான் சொன்னால் பதினாறு பேரும் மறுபடி எடுக்க வேண்டும். சொல்லலாமா? சொன்னால் அது நேர்மையா, அல்லது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிற ஆசையா? சொல்லாமல் விட்டால் அது தாழ்மையா, அல்லது பொய்யா? இதை நான் நாலு பக்கமும் வைத்துப் பார்த்து, சொல்வதுதான் சரி என்று முடிவுக்கு வந்தபோது அறையில் யாரும் இல்லை. பெஞ்சுகளையும் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அப்புறம் எனக்குத் தோன்றியது, இது தற்செயலாக இருக்காது என்று. கடவுள் என்னை என்னிடமே ஒப்படைத்திருக்கிறார். என்னை நானே இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக. பியூலா பக்கத்தில் இருந்திருந்தால், இன்னுமா என்று கேட்டிருப்பாள்.

ஆனால் செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று. ஜெபிப்பதில் பிரச்சினை இல்லை. தேவவரம் என்கிற சகோதரருக்காக என்று ஆரம்பித்து, அவருடைய குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, நன்றாகவே போயிற்று. உதவிதான் வரவில்லை. அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரியாமல் என் செருப்பை நான் எப்படித் துடைப்பது?

இதற்குள் திங்கட்கிழமை காலை வந்தது. அறைக் கதவைத் திறக்கிறேன், வாசலில் ஒரு வாளி வெந்நீர். மேலே தட்டு போட்டு மூடியிருக்கிறது. செவ்வாய்க்கிழமையும். ஜன்னல் திண்டில் ஒரு டம்ளர் இஞ்சிக் காப்பி. புதன்கிழமை மத்தியானம் வந்து பார்த்தால் என் மெத்தை வெயிலில் கிடக்கிறது.

வெந்நீர் எனக்குப் புதிது இல்லை. பல வருடமாக என் வாசலுக்கு வெந்நீர் வரும். எனக்கு எந்த ஜெபத்தோழர் வாய்த்தாலும் வெந்நீர் மட்டும் தவறாது. கடைசி நாளில் நான் எழுந்து அவருக்கு நன்றி சொல்வேன். கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். போன வருடம் தம்பி தானியேலைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். என்ன பணிவு என்று நினைத்தேன். அதற்கு முந்தி ஒரு வருடம் ஹெலன் அக்காவுக்கு நன்றி சொன்னபோது, "நான் ஜெபம் மட்டும்தான் பண்ணேண்ணே" என்றார். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்கிற மனசு என்று அதையும் சேர்த்துப் பாராட்டினேன்.

ஆனால் இந்த வருடம் என் சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. என் பெயர் இந்த உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. பிறகு வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

ரூபனாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஒருவரை வெளியே அனுப்பப் போகிறவர்கள் அதற்கு முன்னால் கொஞ்சம் அன்பாக நடந்துகொள்வார்கள். உடனே அவர்மேல் வந்த கோபத்தை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. நேராகப் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் கொய்யா மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தான். ரூபன் ஒரு கண்ணால் மரத்தையும் ஒரு கண்ணால் என்னையும் பார்த்தார். "அண்ணே, நான் வெந்நீர் வைக்கலண்ணே. எனக்கே மூணு நாளா பச்சைத் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு மரத்தை நோக்கி ஓடினார்.

அதனால் வியாழக்கிழமை நான் நாலரைக்கே எழுந்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் அறை கீழ் வரிசையில் கடைசி. சமையல்கட்டு மேலே இருக்கிறது. நடுவில் கருங்கல் படிகள் முப்பத்தெட்டு. விடிகிற நேரத்தில் படியில் யாரோ வாளியோடு இறங்கி வருவது தெரிந்தது. நேராக இறங்காமல், பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, அப்புறம் அடுத்த படி. சத்தம் கேட்கக் கூடாது என்று எவ்வளவு கவனம் என்று எனக்குள் உருகிவிட்டது. பக்கத்தில் வந்ததும் பார்த்தேன். வெள்ளைத்தாயி.

சமையல் வெள்ளைத்தாயிதான் செய்கிறார். மலையில் பக்கத்து ஊர். கூடமாட ராக்கு என்று ஒரு பெண். முகாம் தொடங்கின நாளிலிருந்து இவர்கள் சமையல்தான். எங்கள் சபைக்காரர் இல்லை என்பதால் சீட்டில் அவர்கள் பெயர் போடுவதில்லை. போடாமல் இருப்பது சரியா என்று யாரும் யோசித்ததில்லை. நான்கூட. அதுதான் ஆச்சரியம், நான் யோசிக்காத விஷயமும் ஒன்று இருந்திருக்கிறது பாருங்கள்.

குளித்துவிட்டு மேலே போனேன். தாயி உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியில் நின்றதும் ராக்கு தாயியைப் பார்த்தாள். தாயி கரண்டியை நிறுத்தாமல், "என்னண்ணே, வெந்நி ஆறிப்போச்சா?" என்றார்.

"தாயி, எனக்கு வெந்நீர் வைக்கிறது நீங்களா?"

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

கொஞ்சம் யோசித்தார். "எம் பெரிய மகளுக்குக் கல்யாணம் முடிஞ்ச வருசத்துல இருந்து. இருக்கும், பதினோரு வருசம்."

பதினோரு வருடம் நான் யார் யாரையோ கட்டிப்பிடித்து அழுதிருக்கிறேன். "ஏன் எனக்கு மட்டும்?" என்று கேட்டேன்.

ராக்கு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தாயி அடுப்பைக் குறைத்தார்.

"சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீங்க அஞ்சு மணிக்கு வெந்நி கேட்டு இங்க வருவீங்கண்ணே. வாளி நெறையுறதுக்குள்ள மனசுல உள்ளதெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிருவீங்க. நல்ல மனுசன், பாதியில எப்படி விட்டுட்டுத் திரும்புறது? அந்த வருசம் ஒருநா அழுதுட்டே பேசுனீங்க. நானும் ராக்கும் அப்படியே நின்னுட்டோம். எம்பது பேருக்கு வச்ச பொங்கல் அடிப்பிடிச்சுப் போச்சு. அன்னைக்குப் பிள்ளைக எல்லாம் ரொட்டிதான் தின்னுச்சுக. அதான், வெந்நிய நாமளே கொண்டுபோயி வச்சுட்டா அண்ணன் இங்கிட்டு வர வேண்டியதில்லைன்னு."

அந்தப் பொங்கல் எனக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டைப் பற்றி முணுமுணுத்த பிள்ளைகளை, மறுநாள் அதைத் தப்பாக நோட்டில் எழுதவைத்தது நான்தான்.

"அந்த இஞ்சிக் காப்பி?"

"நீங்க இருமுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"மெத்தை?"

"எல்லார் மெத்தையும்தாண்ணே வெயில்ல போடுறோம். நீங்க உங்களுத மட்டும் பாத்திருக்கீங்க."

சொல்ல நிறைய வந்தது. ஆனால் ரவை அடுப்பில் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குப் பலா மரத்தடியில் டீ. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தோழர் பெயரைச் சொல்லி, ஒரு கைக்குட்டையோ பேனாவோ கொடுத்தார்கள். என்னைக் கடைசியில் வைத்திருந்தார் ரூபன். வழக்கமாக அப்படித்தான். நான் பேசி முடித்த பிறகு வேறு எதற்கும் நேரம் இருக்காது என்பது ஏற்பாடு செய்கிறவர்களுக்குத் தெரியும். என் பையில் நாலு பக்கம் எழுதி மடித்து வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் அதை எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை.

"இந்த வருஷம் என் சீட்டு எனக்கே விழுந்தது. நான் சொல்லல. அதனால இந்த வாரம் நான் யாருக்கும் எதுவும் செய்யல. எனக்குப் பதினோரு வருஷமா வெந்நீர் வச்சது தாயி." இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாரும் மீதிக்காகக் காத்திருந்தார்கள். ஹெலன் அக்கா மெதுவாகக் கேட்டார், "முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுது."

அப்போது தானியேல் எழுந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. போன வருடம் வெந்நீர் தான் வைக்கவில்லை என்றும், நான் கட்டிப்பிடித்துவிட்டதால் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னான். அவன் உட்காருவதற்குள் வேதபாடம் எடுக்கிற தம்பி எழுந்து, அதற்கு முந்தின வருடம் தானும் வைக்கவில்லை என்றார். அப்புறம் இன்னொருவர். மொத்தம் நாலு பேர். ஹெலன் அக்கா, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். இப்படி எழுந்து அனுபவம் சொல்வதை நாங்கள் சாட்சி என்போம்; இருபத்திரண்டு வருடம் சாட்சி சொல்லியிருக்கிறேன். என் சாட்சியைக் கேட்டு ஆட்கள் எழுந்து பாவ அறிக்கை செய்தது அன்றுதான்.

யாரோ, அடுத்த வருடத்திலிருந்து தாயி பேரும் ராக்கு பேரும் தூக்குவாளியில் போட வேண்டும் என்றார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த தாயி நிமிராமலே, "எதுக்கு, எனக்கு உதவி செய்யிறேன்னு ஆளாளுக்குச் சமையக்கட்டுக்குள்ள வரவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போடுவது என்று முடிவாயிற்று.

நேரம் மிச்சமிருந்ததால் ரூபன் பட்டியலை நிதானமாக வாசித்தார். பாட்டு, ஹெலன் அக்கா. கைவேலை, தானியேல். காலை ஆறரை மணி, கால்பந்து. ஜெபத்தால் தாங்குவோர், குணசீலன் சார், தேவவரம் அண்ணன்.

டீ கிளாஸ் கையில் இருந்தது. அது ஆறும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். இதில் என்னை நான் நிறுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. வலித்தது, அவ்வளவுதான்.

ரூபன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லை என்று சொன்னது பொய்யா என்று யோசிப்பதற்குள் அவரே பேசினார். "அண்ணே, என் நோட்டு இன்னும் வீட்டுல இருக்கு. பன்னெண்டு வயசுல உங்க மரத்தடியில எழுதினது. போன மாசம் எடுத்துப் பாத்தேன். ஆறு பக்கத்திலயும் ஒரே தப்புதாண்ணே இருக்கு. 'காலையில எழுந்திரிக்கப் பிடிக்கல.'"

நான் அவரைப் பார்த்தேன். தான் சிரித்துவிடுவோமோ என்று பயந்த மாதிரி அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சமையல்கட்டுக்குப் போய், நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டே தாயியிடம் கேட்டேன், அடுத்த வருடம் எனக்கு இங்கே ஏதாவது வேலை இருக்குமா என்று. காய் வெட்டலாம், தேங்காய் துருவலாம், பாத்திரம் தேய்க்கலாம். தாயி திகைத்துப் போனார்.

"இங்கயா?" என்றார்.

"இங்கதான்."

பதினோரு வருடம் வாளி சுமந்து எதைத் தடுத்தாரோ அதுவே வந்து வாசலில் நிற்கிறது. ராக்குவைப் பார்த்தார். ராக்கு அடுப்புக்குள் பார்த்தாள். கடைசியில் தாயி, "நாளைக்குக் கடைசி நாள். விடியக் காலம் வாங்க. எட்டுக் கிலோ சின்ன வெங்காயம் இருக்கு. ஒண்ணு மட்டும்தாண்ணே, வெங்காயம் முடியுற வரைக்கும் பேசக் கூடாது" என்றார்.

கடைசி நாளில் அமைதி நேரம் கிடையாது; இன்று காலை அஞ்சு மணிக்கு உட்கார்ந்தேன். எட்டுக் கிலோ. நீங்கள் சின்ன வெங்காயம் உரித்திருக்கிறீர்களா? பேசாமல் இருந்தால் காதுக்குள் என்னென்னவோ வந்து விழுகிறது. நான் இருப்பதையே மறந்து அவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ராக்குவின் மகன் இந்த வருடம் பத்தாவது தேறிவிட்டான். தாயியின் சின்ன மகள் மாமியாரோடு சண்டை போட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. "உனக்கு முட்டி இப்பத் தேவலையா?" என்று ராக்கு கேட்டாள். "எங்க? படி இறங்குறதுதான் உசுர் போகுது. பக்கவாட்டுல இறங்குனாத்தான் முடியுது, ரெண்டு வருசமா" என்றார் தாயி.

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் உரிக்கிறவன் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்பதில்லை, அது ஒரு வசதி.

ஏழரைக்குக் கடைசி வெங்காயம் முடிந்தது. இரண்டரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வாயைத் திறந்து, என்னைப் பற்றி இல்லாத ஒன்றைக் கேட்டேன். "தாயி, முட்டி எப்படி இருக்கு?"

தாயி என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். "என்னத்தண்ணே சொல்ல, திண்டுக்கல் ஆசுபத்திரியில காட்டுனேன், அவுக என்ன சொல்றாகன்னா..." என்று ஆரம்பித்தார்.

எனக்கும் இடது முட்டியில் ஒரு வலி உண்டு. அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வலி வந்த வருடத்தில்தான் பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஒரு ஆசிரியருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. அந்த மனத்தாங்கலில் என் பக்கம் தப்பு இருந்ததா என்பது இன்றுவரை தீராத கேள்வி. அதைச் சொல்லிக்கொண்டே போனவன் நிமிர்ந்து பார்க்கிறேன், தாயி எழுந்துவிட்டார். என் மடிக்கு நேரே இரண்டு தேங்காய் மூடியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "இதத் துருவுங்கண்ணே" என்றார். கோபமாக இல்லை. வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் ரூபன் காப்பிக்காக உள்ளே வந்தார். என்னைச் சமையல்கட்டில் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். தாயி அவரிடம், "தம்பி, அந்தப் பட்டியல எடுங்க. அண்ணன் பேர அந்த ஜெபத்துல இருந்து எடுத்து, அடுத்த வருசம் சமையக்கட்டுல போடுங்க" என்றார்.

"நெசமாவா சொல்றீங்க?" என்று ரூபன் கேட்டார். தாயியிடம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெங்காயம் சுத்தமா உரிக்கிறாரு" என்றார் தாயி.

ரூபன் பட்டியலை மாவு டின்மேல் விரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேனா வேணாம் தம்பி. பென்சில்ல எழுதுங்க."

பென்சிலில்தான் எழுதியிருக்கிறது. அவர் காப்பி வாங்கத் திரும்பியதும் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆனால் நன்றாக அழுத்தித்தான் எழுதியிருந்தார்.